இன்றைய திகதி

ஒவ்வொரு காலையும் அது
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்றில் கண்விழிக்கிறது.
நான் யன்னலைத் திறந்து
விசைப்பலகையில் படிந்த உப்பை
முந்தானையால் ஒற்றியெடுத்துவிட்டு
வலது மூலையில் ஆண்டைத் திருத்தத் தொடங்குவேன்.
இருபத்துமூன்று தடவை அமத்த வேண்டும்.
மூன்றாம் அமத்தலில் கடல் உள்ளே வந்து போகிறது.
ஐந்தாவதில் மூதூர்ச் சனம் நடக்கத் தொடங்குகிறது.
ஏழையும் எட்டையும் வேகமாய் அமத்துவேன்.
எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்தான்,
டிக்.

திருக்கடலூர் மீனவர் சங்கக் கந்தோர்.
எண்ணெய்க் கடன், வலைக் கடன், எஞ்சின் தவணை.
பெட்டியின் விலாவில் ஒட்டியிருக்கிற தாளில்
இரண்டு கைகள், நடுவில் ஒரு வீடு.
எந்த நாடென்று இப்போது வாசிக்க முடியாது.
வரும்போதே அது பழையது.
மூன்று நாள் பயிற்சி, மீன் றோல்ஸ், பால்தேத்தண்ணி,
பிறகொரு நாள்
திட்டம் நிறைவடைந்தது என்று ஒரு கடிதம்.

எக்ஸ்பிக்கு வந்தது கடிதமல்ல.
திரையின் நடுவில் ஒரு சாம்பல் கட்டம்.
ஆங்கிலத்தில் இருந்ததை
வாய்க்குள் தமிழாக்கிப் பார்த்தேன்:
ஆதரவு முடிந்தது.
இந்தக் கரையில் அதைக் கேள்விப்படாத வீடு எது?
கீழே சரி என்று ஒரே பொத்தான்.
பக்கத்தில், இனிக் காட்டாதே என்று சின்னச் சதுரம்.
வாக்குச்சாவடியில் நிற்பவளைப் போல
புள்ளடி போட்டேன்.

ஏகாம்பரம் வீதிக் கடையிலிருந்து நிப்ராஸ் வந்தான்.
வயரைப் பிடுங்கிச் சுருட்டி என் கையில் தந்தான்.
“அக்கா, இனி இதை
உலகத்தோட கதைக்க விடாதீங்க.
வருத்தம் தொத்தும்.
தனிய இருந்தா இன்னும் கனகாலம் ஓடும்.”
எதற்குச் சொன்னான், யாருக்குச் சொன்னான் என்று
அன்றிரவு கொஞ்சம் யோசித்தேன்.

புதுசு வாங்க முடியாமலில்லை.
வாங்கியும் இருக்கிறோம். தலைவரின் அறையில்
பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது அந்த மடிக்கணினி.
அதில் பேரேட்டைத் திறந்தால்
கடல்ராணியும் புனித அன்னமாளும்
அரைப்புள்ளியும் குறுக்குக்கோடுமாய்ச் சிதறிப்போகிறார்கள்.
பாமினி எழுத்து அதற்குத் தெரியாது.
இதை எழுதித் தந்த பெடியன் டமாமில்,
போன் எடுத்தால்
“இன்னுமா ஓடுது?” என்று கேட்டுச் சிரிக்கிறான்.

திகதி நிற்பதற்கும் வழி சொன்னான் நிப்ராஸ்.
நாணயம் போல ஒரு பற்றறி. நூற்றைம்பது ரூபா.
வாங்கியாயிற்று.
லாச்சிக்குள், றப்பர் முத்திரைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
நாளைக்கு, நாளைக்கு என்று
ஒன்பது மாதம்.

போன வியாழன் வரிசையில் ஏழெட்டுப் பேர்.
விடிய ஒரு மணித்தியாலம் கரண்ட் இல்லை.
அவசரத்தில் ஆண்டைத் திருத்த மறந்துபோனேன்.
பற்றுச்சீட்டோடு போன சில்வெஸ்டர்
அரைமணி கழித்துத் திரும்பி வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தாளைத் தூரத்தில் பிடித்துச் சொன்னார்:
“பிள்ளை, இந்தத் திகதியில
எனக்கு ஒரு கடனுமில்லையே.
படகே இல்லை.
தம்பியின்ர தோணியில போய்வந்த காலம்.”
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவரும் சிரித்தார்.

“தாங்கோ, கிழிச்சுப் போட்டுத் திருத்தித் தாறன்.”
அவர் தரவில்லை.
நாலாய் மடித்து
சட்டைப் பைக்குள், பீடிக்கட்டுக்குப் பின்னால் வைத்தார்.
“இது கிடக்கட்டும்.
வேற ஒண்டு அடி.”

அமத்தத் தொடங்கினேன்.
அவர் மேசையில் கையூன்றி
திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.
அவர் நிற்கையில்
ஏழையும் எட்டையும் வேகமாய் அமத்த முடியவில்லை.
ஊசிப் பிரிண்டர் கிறீச்சிட்டது.
ஓரத்துத் துளைக் கீலத்தைக் கிழித்து
வாசற்பக்கம் எறிந்தேன்.

கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
அதை மோந்துபார்த்துத்
தின்னத் தொடங்கியது.